கழுவிக் கொடுத்த வண்டி: பழைய பல்சரில் ஒழுக்கும் அடியும் பார்ப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக: சென்னையில் தெரிந்தவர் மூலமாக ஒருவரிடம் 2014 மாடல் பல்சர் 150 வாங்கி நான்கு நாள் ஆகிறது. மீட்டரில் 41,000 கி.மீ. நேற்றுக் காலை நிறுத்திய இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு எண்ணெய்க் கறை. விற்றவரைக் கேட்டால் "பழைய வண்டின்னா லேசா கசியத்தான் செய்யும்" என்கிறார். எங்கிருந்து வருகிறது, வேறு என்ன பார்க்க வேண்டும், பணம் கொஞ்சம் திருப்பிக் கேட்கலாமா?

பதில்:

விற்றவர் சொல்வதில் பாதிதான் சரி. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு: கீழே ஆயில் சொட்டவில்லையென்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம். பல்சருக்கு அந்தச் சலுகை கிடையாது. நன்றாகப் பராமரித்த பல்சர் பத்து வருடம் கழித்தும் தரையை நனைக்காது. ஆனால் ஒரு ரூபாய் அளவுக் கறைக்காக என்ஜினைப் பிரிக்கவும் வேண்டாம். பெரும்பாலும் அது ஒரு கேஸ்கட்டிலோ (இரண்டு உலோகப் பகுதிகள் சேரும் இடத்தில் வைக்கும் மெல்லிய தகடு) ஆயில் சீலிலோ (தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) முடிகிற வேலை. எது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

நான் மெக்கானிக் இல்லை. பழைய வண்டிகளை வாங்கிக் கழற்றி மாட்டிக் கையைக் கறுப்பாக்கிக்கொள்கிற வழக்கம் மட்டும் இருபது வருடமாக இருக்கிறது.

முதலில் ஒன்று. இப்போதைக்கு வண்டியைக் கழுவாதீர்கள். விற்பனைக்கு வரும் வண்டி எதுவும் அழுக்கோடு வருவதில்லை. முந்தின நாளே வாட்டர் சர்வீஸ் விட்டு, என்ஜினுக்கு டீசல் அடித்து, டேங்குக்குப் பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு பூசித்தான் நிறுத்துவார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் ஒழுக்கு எங்கே என்று சொல்லும் சாட்சியே அந்த அழுக்குதான். எண்ணெய் பட்ட இடத்தில் தூசி ஒட்டிக் கறுப்புப் பசையாகப் படியும். வருடக்கணக்கில் கசிந்த இடம் என்றால் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுக்கலாம். அதைக் கழுவிவிட்டால் நல்ல என்ஜினும் கெட்ட என்ஜினும் ஒன்றுபோலத்தான் தெரியும். உங்கள் வண்டி நான்கு நாள் ஓடிவிட்டது, சாட்சி திரும்பி வர ஆரம்பித்திருக்கும்.

இன்று இரவு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரியுங்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் எங்கே நிற்கின்றன என்று அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் வலப்பக்கத்து எண்ணெய்கூட இடப்பக்கம் வந்து சொட்டி உங்களை ஏமாற்றும்.

காலையில் அட்டையைப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ, விரலில் தேய்த்தால் வழவழவென்று இருந்தால் என்ஜின் ஆயில். முன்சக்கரத்துக்கு நேர்கீழே சாம்பல் நிறத்தில், கெட்ட வாடையோடு இருந்தால் ஃபோர்க் ஆயில், அதாவது முன்பக்க ஷாக் அப்சார்பரின் எண்ணெய். தேன் நிறத்தில் இருந்து, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கரைந்து போய்விட்டால் பிரேக் ஆயில். மற்ற எண்ணெய் எதுவும் அப்படித் தண்ணீரோடு சேராது. செயினுக்கு நேர்கீழே தூசியோடு பிசுபிசுவென்று நாலைந்து புள்ளி மட்டும் என்றால் அது ஒழுக்கே இல்லை. யாரோ செயினுக்குப் பழைய என்ஜின் ஆயிலைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். பெட்ரோல் கறையாக நிற்காது, விடிவதற்குள் ஆவியாகிவிடும். அதை மூக்குதான் கண்டுபிடிக்கும்.

இதில் பெட்ரோல், பிரேக் ஆயில், ஃபோர்க் ஆயில் மூன்றில் எது தெரிந்தாலும் சரி செய்கிறவரை வண்டியை எடுக்க வேண்டாம். என்ஜின் ஆயில் கசிவு ஒரு வாரம் பொறுக்கும். பலபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கறுப்பாகத் தெரிகிற என்ஜின் ஆயிலைப் பார்த்துப் பதறுவார்கள், பெட்ரோல் வாடையை "கார்புரேட்டர் வண்டின்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள்.

பெட்ரோலுக்கு மூன்று இடம் பார்த்தால் போதும். டேங்கின் அடியில் பெட்ரோல் டேப் சேரும் இடம், டேப்பிலிருந்து வரும் ரப்பர் குழாய், கார்புரேட்டரின் அடிக் கிண்ணம். டேப்பைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கார்புரேட்டரிலிருந்து கீழே வரும் ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உள்ளே மிதவையின் ஊசி சரியாக மூடவில்லை. தேய்மானமாக இருக்கலாம், டேங்கிலிருந்து வந்த துருத்தூளாகவும் இருக்கலாம். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். டேங்கின் அடி மடிப்பில் எம்-சீல் (ஓட்டை அடைக்கும் பசை) பூசிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2014 மாடல் அதற்காகச் செய்த வண்டி இல்லை. விறைத்துப்போன ரப்பர் குழாயைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

பிரேக்குக்கு ஹேண்டிலில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் பல வருடமாக மாற்றவில்லை. லீவரை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், வெளியே சொட்டு தெரியாவிட்டாலும் லீவரோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் உள்கசிவு இருக்கிறது. ஹோஸ் சேரும் போல்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்து கொப்பளித்திருந்தால் அங்கே எப்போதோ ஒழுகியிருக்கிறது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், அந்தத் தழும்பைக் கழுவி மறைக்க முடியாது.

ஃபோர்க்குக்கு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பத்துத் தடவை நன்றாக அமுக்குங்கள். பளபளக்கும் குழாயில் எண்ணெய் வளையமாக நின்றால் சீல் போய்விட்டது. சீலை மாற்றுவதற்கு முன் குழாயின் மேல் விரல் நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் துருக்குழி. அந்தக் குழி இருக்கும்வரை எத்தனை சீல் போட்டாலும் ஆறு மாதத்தில் கிழித்துவிடும். குழாய் சுத்தமாக இருந்தால், சில சமயம் சீல் உதட்டில் மாட்டிய மண்தான் காரணமாக இருக்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி, குழாய்க்கும் சீலுக்கும் நடுவே மெதுவாக விட்டுச் சுற்றி எடுத்தால் மண் வெளியே வரும். பாதி நேரம் இதிலேயே நின்றுவிடும். ஃபோர்க் ஆயில் வழிந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, அதனால்தான் இதை அந்த மூன்றில் ஒன்றாகச் சொன்னேன்.

இனி என்ஜின் ஆயில். இங்கே என் சொந்தக் கதை ஒன்று.

முன்பு நான் வைத்திருந்ததும் பல்சர் 150தான். வலப்பக்கம் கிளட்ச் கவரின் அடி விளிம்பில் எப்போதும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். பட்டறைக்காரர் பார்த்தவுடன் "கிளட்ச் கவர் கேஸ்கட்ணே" என்றார். மாற்றினார். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே சொட்டு. திரும்பப் பிரித்து, இந்தத் தடவை கேஸ்கட்டோடு பசையும் பூசினார். பத்து நாள் தாங்கியது. மூன்றாவது தடவை நான் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஷும் கொஞ்சம் டீசலும் வைத்து என்ஜின் முழுவதையும் தேய்த்துத் துடைத்துக் காயவிட்டு, வீட்டிலிருந்த முகப் பவுடரை என்ஜின் மேல் தூவினேன். திருநீறு பூசிய மாதிரி நின்றது வண்டி. பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால், உச்சியில் என்ஜினின் மேல்மூடியான ஹெட் கவரின் ஓரத்தில் வெள்ளைப் பவுடர் நனைந்து ஒரு மெல்லிய கோடு. அங்கிருந்து சிலிண்டர் பட்டைகளுக்கு நடுவே இறங்கி, காற்றால் பின்பக்கம் தள்ளப்பட்டு, கிளட்ச் கவரின் மேல் விளிம்போடு ஓடி, அடியில் வந்து சொட்டாகத் தொங்கியிருக்கிறது. நல்ல நிலையில் இருந்த கவரை இரண்டு தடவை பிரித்திருக்கிறோம். மேலே ஒரு கேஸ்கட் மாற்றியதோடு நின்றது.

எண்ணெய் கீழே இறங்கும், ஓடும் வண்டியில் பின்னாலும் போகும். அதனால் சொட்டுகிற இடத்தைப் பார்க்காமல், நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னாலேயும் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். அட்டையைப் பார்த்து முடித்த பிறகு நீங்களும் இந்தப் பவுடர் வேலையைச் செய்யுங்கள். டீசல் தேய்க்கும்போது முன்சக்கர டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள். கம்ப்ரசர் தண்ணீரை என்ஜின் மேல் அடிக்க வேண்டாம், வயர் கனெக்டருக்குள் புகுந்து வேறு வேலை வைத்துவிடும்.

மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஹெட் கவர் ஓரம், ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடம், சிலிண்டர் அடி கேஸ்கட். வலப்பக்கம் கிளட்ச் கவர், கிக்கர் இருந்தால் அதன் தண்டைச் சுற்றிய சீல். இடப்பக்கம் மேக்னெட் கவர் (மின்சாரம் தரும் காயிலின் மூடி), அதிலிருந்து வயர் வெளியே வரும் ரப்பர், கியர் லீவர் தண்டின் சீல், அதற்குப் பின்னால் செயின் ஓடும் சிறிய பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கு உட்புறம் இருக்கும் சீல். கடைசியாக அடியில் டிரெயின் போல்ட். அனுபவத்தில் சொல்கிறேன், இந்த வயது வண்டியில் கியர் தண்டு சீலும் டிரெயின் போல்ட்டும் அடிக்கடி வரும். டிரெயின் போல்ட்டின் வாஷரை யாரும் மாற்றுவதில்லை. ஒழுகினால் இன்னும் இறுக்குவார்கள், அலுமினியத்தில் இருக்கும் மரை போய்விடும். போல்ட்டைச் சுற்றி வெள்ளை டேப்போ பசையோ தெரிந்தால் மரை ஏற்கெனவே போயிருக்கிறது. லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக வைக்கும் கம்பிச்சுருள்) போட்டுச் சரி செய்துவிடலாம், ஆனால் அடுத்த ஆயில் மாற்றும் நாளில் நடுரோட்டில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சிறிய ஸ்பிராக்கெட் மூடியை எப்படியும் கழற்றிப் பாருங்கள். உள்ளே செயின் அழுக்கு கெட்டியாக அடைத்திருக்கும், அதை எடுத்தால்தான் சீல் தெரியும். எப்போதோ செயின் அறுந்து அடித்திருந்தால் அந்தப் பின்சுவரில் விரிசலோ எம்-சீல் ஒட்டோ இருக்கும். என்ஜின் கேஸில் விரிசல் என்றால் கேஸ்கட் கதையெல்லாம் முடிந்தது, அது வேறு கணக்கு.

சில சமயம் ஒழுக்கு என்று நினைப்பது ஒழுக்காகவே இருக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு சிறிய வடிகுழாய் இருக்கும், நுனியில் அடைப்பு இருக்கும். அதைக் கழற்றுங்கள். ஸ்பூன் கணக்கில் எண்ணெய் வந்தால் ஒன்று ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளழுத்தம் ஆயிலை மேலே தள்ளுகிறது. எது என்று கிளட்ச் கவரில் இருக்கும் ஆயில் கண்ணாடி சொல்லும். சென்டர் ஸ்டாண்டில், சமதளத்தில், என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது, உடனே ஆயில் மாற்ற வேண்டும். பால்விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர். முன்னவர் மைலேஜுக்காக 20டபிள்யூ-50க்குப் பதில் மெல்லிய ஆயில் ஊற்றியிருந்தால் அதுவும் பழைய சீல்களில் கசிவைக் கூட்டும்.

கசிவதைவிட எரிவதுதான் பெரிய செலவு. காலையில் முதல் ஸ்டார்ட்டில், என்ஜின் பச்சைத்தண்ணீர் மாதிரி குளிர்ந்திருக்கும்போது, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். முதல் சில நொடி நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டர் உட்சுவர்) வேலை. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டரோடு போய்விடும். குளிர்காலத்து வெள்ளை ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்புறம் ஆயில் மட்டத்தைக் குறித்துவைத்து 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். தரையில் சொட்டில்லாமல் மட்டம் மட்டும் இறங்கினால் எரிகிறது என்று பொருள்.

என்ஜின் ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்பதை போல்ட் தலைகள் காட்டிக்கொடுக்கும். முனை மழுங்கியது, ஒன்று மட்டும் புதிது, ஒன்று வேறு சைஸ். கவர் ஓரத்தில் பசை புழுவாகப் பிதுங்கி நின்றால், உள்பக்கமும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயிலை வடிகட்டும் வலையை அடைக்கலாம். அதனால் முதல் ஆயில் மாற்றும்போது அந்த வலையைக் கட்டாயம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடிபட்ட வண்டியா? ஹேண்டில்பார் நுனி, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் ஓரம் எல்லாம் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் சறுக்கி விழுந்திருக்கிறது. அது பரவாயில்லை, விழாத பல்சரை நான் பார்த்ததில்லை. பயப்பட வேண்டியது முன்னால் மோதிய வண்டிக்கு. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது போய் முட்டி நிற்கும் தடுப்பைப் பாருங்கள். அங்கே நசுங்கலோ, ஒரு பக்கம் அதிகமாகத் திரும்புவதோ இருந்தால் பலமான அடி. டேங்கைத் தூக்கிவிட்டு ஹேண்டில் கழுத்துக்குக் கீழே சேஸிஸ் குழாயில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கிறதா, புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரோடு அங்கே பொறித்ததை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். காலியான சாலையில் மெதுவாக ஓட்டும்போது ஹேண்டில் நேராகவும் சக்கரம் நேராகவும் இருக்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். அலாய் வீலைத் தூக்கிச் சுற்றி, ஒரு பேனாவை ரிம் ஓரத்தில் தொடாமல் பிடித்தால் வளைவு தெரியும்.

சென்னை வண்டி என்பதால் ஒன்று கட்டாயம். 2014 மாடல் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் இந்த ஊரில் பார்த்திருக்கும் வாய்ப்பு இருக்கிறது. மூழ்கிய வண்டியை வெளியே எவ்வளவு பளபளப்பாக்கினாலும் மூலையில் வண்டல் நிற்கும். சீட்டைக் கழற்றி பேட்டரிப் பெட்டியின் அடி, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலை, ஹெட்லைட் கண்ணாடிக்குள் மெல்லிய மண்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வயர் கனெக்டர் இரண்டைப் பிரித்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். சிறு மழைக்கும் கொஞ்சம் பூக்கும், ஆனால் சீட்டுக்கு அடியிலும் ஹெட்லைட்டிலும் ஒரே மாதிரி பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

41,000 என்ற மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம், வேண்டுமென்றால் மீட்டரையே மாற்றலாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. டிஸ்க் ஓரத்தில் படி மாதிரி தேய்மானம், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சாவித்துளை இவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மீட்டர் சொல்வது பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ரீகண்டிஷன் செய்து தருகிறோம் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதே மாதிரி புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கலாம், மூடி, கவர், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் நன்றாகக் கிடைக்கும். ஆனால் சீல், கேஸ்கட், பிரேக் சாமான் மட்டும் புதிதாக, கம்பெனி பாக்கெட்டில் வாங்குங்கள்.

பணம் கேட்பது பற்றி. கேஸ்கட்டுக்கும் சீலுக்கும் நான் கேட்க மாட்டேன். "பார்த்துதானே வாங்கினீங்க" என்பார், அதற்குப் பதிலில்லை. நடுவில் இருக்கும் தெரிந்தவரின் முகம்தான் கோணும். என்ஜின் கேஸில் விரிசல், வெல்டிங் செய்த சேஸிஸ், நம்பர் மாற்றம், வெள்ளத்தில் மூழ்கியது, இந்த நான்கில் ஒன்று தெரிந்தால் கேளுங்கள், அதுவும் நடுவில் இருக்கும் தெரிந்தவரையே கூட்டிக்கொண்டு போய் வண்டியில் கைவைத்துக் காட்டுங்கள். ஆர்.டி.ஓ.வில் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு பேச்சு எடுபடாது. வாங்கியவர் 30 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும் என்பது சட்டம், உங்களுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் சொச்சம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பவுடர் போட்டு ஓட்டிவிட்டு, முதலில் நனைந்தது எந்த இடம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கேஸ்கட்டா சீலா, நீங்களே மாற்றலாமா, பட்டறைக்குத்தான் போக வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.